8.4 கோடி, ஒரே ஒரு மேட்ச்

போன வாரம் ஒரு ஆபீஸ் கால் முடிந்த பிறகும் அமெரிக்காவில் இருக்கிற டீம்மேட் ஒருத்தர் லைனிலேயே இருந்தார். அவருக்கு அந்த ஊர் ஃபுட்பால் என்றால் உயிர். எனக்கு அதில் ஒன்றும் தெரியாது, ஹெல்மெட் போட்டு மோதிக்கொள்வார்கள் என்பதைத் தவிர. அவர் ஒரு கேள்வி கேட்டார். ஜாஷ் ரோசன் என்று ஒரு குவார்ட்டர்பேக். பந்தை எறிந்து மொத்த ஆட்டத்தையும் நடத்துகிற ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஏலம் கிடையாது, டிராஃப்ட். காலேஜ் பசங்களை வரிசையாக ஒவ்வொரு டீமும் எடுக்கும். 2018-ல் ரோசனை 10-வது ஆளாக அரிசோனா கார்டினல்ஸ் எடுத்தது. அந்த சீசனில் 13 மேட்ச் ஆரம்பத்திலிருந்து ஆடினார். டீம் மொத்தம் ஜெயித்தது மூன்றே மேட்ச். சீசன் நடுவில் அட்டாக்கைப் பார்த்துக்கொண்ட கோச்சை அனுப்பினார்கள், சீசன் முடிந்ததும் ஹெட் கோச்சையும் அனுப்பினார்கள். புது கோச் வந்தார். அடுத்த வருட டிராஃப்டில் முதல் ஆளாகவே கைலர் மர்ரி என்ற இன்னொரு குவார்ட்டர்பேக்கை எடுத்துவிட்டு, ரோசனை மயாமிக்குத் தள்ளிவிட்டார்கள்.

"அவனுக்கு ஒழுங்கா சான்ஸ் கொடுத்தாங்களா, இல்லையா?" இதுதான் கேள்வி.

"13 மேட்ச்னா போதும்தானே?" என்று சட்டென்று சொல்லிவிட்டேன். லேப்டாப்பை மூடிய பிறகுதான் அந்தப் பதில் உறுத்த ஆரம்பித்தது. இரண்டு விஷயம் ஞாபகத்துக்கு வந்தது. ஒன்று, நம்ம வருண் சக்ரவர்த்தி. இன்னொன்று, திண்டிவனத்தில் நானே செய்த ஒரு வேலை. அதைக் கடைசியில் சொல்கிறேன், இப்போது சொன்னால் பாதியில் ஆஃப் பண்ணிவிடுவீர்கள்.

வருண் கதை பாதி உங்களுக்குத் தெரியும். ஸ்கூலில் விக்கெட் கீப்பர். பிறகு கிரிக்கெட்டை விட்டுவிட்டு எஸ்.ஆர்.எம்மில் ஆர்க்கிடெக்சர் படித்து, கொஞ்ச காலம் வேலையும் பார்த்தவர். நடுவில் 'ஜீவா' படத்தில் ஒரு சின்ன வேஷம்கூட உண்டு, நேரம் இருந்தால் தேடிப் பாருங்கள். திரும்ப வந்து வேகப்பந்து போட்டார், முழங்காலில் அடி. அதற்கப்புறம்தான் ஸ்பின். டென்னிஸ் பாலில் விரலை வைத்துப் பண்ணிக்கொண்டிருந்த வித்தைகளை லெதர் பாலுக்குக் கொண்டுவந்தார். சென்னை லீக்கில் நான்காம் டிவிஷனில் ஆடியவர். 2018 டி.என்.பி.எல்லில் மதுரை பேந்தர்ஸுக்கு 10 மேட்சில் 9 விக்கெட். கேட்கும்போது பெரிதாகத் தெரியாது. ஆனால் ஓவருக்கு 5 ரன்னுக்கும் குறைவாகக் கொடுத்திருந்தார், டி20-யில்! மதுரை அந்த வருடம் கப் அடித்தது. அதே சீசனில் விஜய் ஹசாரேவில் தமிழ்நாட்டுக்காக 22 விக்கெட்.

2018 டிசம்பர் 18, ஜெய்ப்பூரில் ஏலம். அடிப்படை விலை 20 லட்சம். கிங்ஸ் லெவன் பஞ்சாப் எடுத்தது 8.4 கோடிக்கு. அன்றைக்கு அந்த விலைக்குப் போன இன்னொருவர் ஜெய்தேவ் உனத்கட் மட்டும்தான், அவர் ஏற்கெனவே இந்தியாவுக்கு ஆடியவர். ஒரு டீமின் மொத்த பட்ஜெட்டே அப்போது 82 கோடி. அதில் பத்தில் ஒரு பங்கை, ஐ.பி.எல்லில் ஒரு பந்துகூடப் போடாத 27 வயது ஆளுக்குக் கொடுத்தார்கள்.

2019 மார்ச் 27, ஈடன் கார்டன்ஸ். கேப்டன் நம்ம அஸ்வின். பவர்பிளேயிலேயே வருணிடம் பந்தைக் கொடுத்தார். எதிரே சுனில் நரைன். அந்த ஓவரில் 25 ரன்.

அன்று ராத்திரி எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் என்ன ஓடியது என்று சொல்ல வேண்டியதில்லை. 8.4 கோடியை 25-ஆல் வகுத்துக்கூட ஒருத்தன் போட்டிருந்தான். நானும் சிரித்து ஸ்மைலி போட்டவன்தான்.

ஆனால் ஸ்கோர்கார்டைப் பாருங்கள். 3 ஓவர், 35 ரன், 1 விக்கெட். முதல் ஓவரில் 25 போயிருக்கிறது. அப்படியென்றால் மீதி இரண்டு ஓவரில் 10 ரன், ஒரு விக்கெட்! கொல்கத்தா 218 அடித்த மேட்ச் இது. ஷமி, ஆண்ட்ரூ டை எல்லாரும் இருந்த பவுலிங். அதில் ஓவருக்கு 5 ரன்னில் இரண்டு ஓவர் போட்டிருக்கிறார், முதல் மேட்சில், அத்தனை பேர் முன்னால் அடி வாங்கிய பிறகு. இந்த இரண்டு ஓவரைப் பற்றி யாரும் பேசவே இல்லை. நான் கவனித்ததே பல வருடம் கழித்துத்தான்.

அதோடு பஞ்சாபில் அவர் கதை முடிந்தது. விரலில் காயம், மீதி சீசன் இல்லை. நவம்பரில் ரிலீஸ் பண்ணிவிட்டார்கள்.

சரி, பஞ்சாப் அநியாயம் பண்ணியதா? கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். காயம் பட்டவரை ஆட வைக்க முடியாது, அதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. அஸ்வினும் முதல் ஓவருக்குப் பிறகு பந்தைப் பிடுங்கிக்கொள்ளவில்லை, இன்னும் இரண்டு ஓவர் கொடுத்தார். கேப்டனாக அதுவே சாதாரண விஷயம் இல்லை. ஏன் இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும், சொல்கிறேன்.

என் பிரச்சினை அதற்குப் பிறகு நடந்ததில். வருணை எடுத்த சீசனில் கோச் மைக் ஹெசன். அவர் ஒரே சீசனில் கிளம்பிவிட்டார். அனில் கும்ப்ளே வந்தார். அஸ்வினை டெல்லிக்கு டிரேட் பண்ணினார்கள். ஆக, வருணை எடுத்தபோது இருந்த கோச்சும் இல்லை, பந்து கொடுத்த கேப்டனும் இல்லை. ரோசன் கதையும் அச்சு அசலாக இதுதான். ஐ.டியில் இருக்கிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். இன்டர்வியூவில் உங்களைப் பிடித்துப்போய் எடுத்த மேனேஜர், நீங்கள் சேர்ந்து மூன்றாவது மாதம் பேப்பர் போட்டுவிடுகிறார். புதிதாக வந்தவருக்கு நீங்கள் யார்? எக்ஸெல் ஷீட்டில் ஒரு வரிசை, பக்கத்தில் ஒரு தொகை. உங்களிடம் என்ன பார்த்து எடுத்தார்கள் என்பது பழைய ஆளின் தலைக்குள்ளேயே போய்விட்டது.

அந்தத் தொகையும் ஒரு வில்லன். வருண் 20 லட்சத்துக்குப் போயிருந்தால், "காயம் பாவம், அடுத்த வருஷம் பாப்போம்" என்று வைத்திருப்பார்கள் என்பது என் கணிப்பு. 8.4 கோடி என்பது பர்ஸில் ஒரு பெரிய ஓட்டை. அவரை விட்டால் அந்தப் பணம் ஏலத்துக்குத் திரும்பி வரும். அந்த விலையை வருண் கேட்கவில்லை. கை தூக்கியது ஏல டேபிள்களில் உட்கார்ந்திருந்தவர்கள். அவர்கள் போட்டி போட்டதற்கு இவர் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

2019 டிசம்பர் ஏலத்தில் கே.கே.ஆர் அவரை 4 கோடிக்கு எடுத்தது. பாதி விலைக்கும் கம்மி. கேப்டன் தினேஷ் கார்த்திக், வருணை உள்ளூரில் பார்த்தவர். 2020-ல் 13 மேட்ச், 17 விக்கெட். அபுதாபியில் டெல்லிக்கு எதிராக 20 ரன்னுக்கு 5. இன்னொரு முனையில் யார்? அந்த 25 ரன் ஓவரில் எதிரே நின்ற அதே சுனில் நரைன். அப்புறம் பல வருடம் ஜோடி போட்டு வீசினார்கள்.

ஆனால் 2020 சீசனை உதாரணமாகக் காட்ட நான் வரவில்லை. நன்றாகப் போடுகிறவனுக்கு வாய்ப்பு கொடுப்பதில் என்ன நியாயம் இருக்கிறது, அது வியாபாரம். நான் காட்ட நினைப்பது 2022. கே.கே.ஆர் அவரை 8 கோடிக்கு ரீடெய்ன் பண்ணியிருந்தது, அதாவது கிட்டத்தட்ட பழைய பஞ்சாப் விலை. அந்த சீசன் சுத்தமாக ஓடவில்லை. 11 மேட்சில் 6 விக்கெட். நடுவில் பெஞ்சிலும் உட்கார வைத்தார்கள். அதே விலை, பஞ்சாபில் ஆடியதைவிட மோசமான ஆட்டம் என்றே சொல்லலாம். ஆனால் சீசன் முடிந்ததும் விடவில்லை. 2023-ல் 20 விக்கெட். 2024-ல் 21 விக்கெட், சேப்பாக்கத்தில் கப். என்னைக் கேட்டால், வருணுக்கு நியாயமான வாய்ப்பு கிடைத்தது 17 விக்கெட் எடுத்த வருடத்தில் இல்லை, 6 விக்கெட் எடுத்த வருடத்தின் முடிவில்.

இந்திய டீமில் இது உல்டாவாக நடந்தது. 2021 டி20 உலகக் கோப்பையில் 3 மேட்ச், ஒரு விக்கெட்கூட இல்லை. அதோடு மூன்று வருடம் ஆளே டீமில் இல்லை. அந்த நாட்களில் மிரட்டல்கள் வந்ததையும் மனசு உடைந்துபோனதையும் 2025-ல் ஒரு பேட்டியில் அவரே சொன்னார். 2024 அக்டோபரில் குவாலியரில் வங்கதேசத்துக்கு எதிராகத் திரும்பினார். நவம்பரில் தென்னாப்பிரிக்காவில் 17 ரன்னுக்கு 5. அடுத்து இங்கிலாந்து தொடரில் 14 விக்கெட். சாம்பியன்ஸ் டிராபிக்கு முதலில் பெயரே இல்லை, கடைசி நேரத்தில் சேர்த்தார்கள். துபாயில் நியூசிலாந்துக்கு எதிராக 42 ரன்னுக்கு 5. மூன்று மேட்சில் 9 விக்கெட், கோப்பை. 33 வயதில். அந்த மூன்று வருடத்தை யார் திருப்பிக் கொடுப்பார்கள் என்று யோசித்தால் கொஞ்சம் கோபம்தான் வருகிறது. வேறு மாதிரியும் பார்க்கலாம்: அந்த மூன்று வருடத்தில் அவர் பந்து போடும் விதத்தையே மாற்றிக்கொண்டார், சைடு ஸ்பின்னிலிருந்து ஓவர் ஸ்பின்னுக்கு. வெளியே தள்ளாமல் இருந்திருந்தால் மாற்றியிருப்பாரா? தெரியாது.

இங்கே நடராஜனைக் கொண்டுவராமல் இருக்க முடியாது. சேலம் சின்னப்பம்பட்டி நடராஜன். அவரையும் முதலில் எடுத்தது பஞ்சாப்தான், 2017-ல், 10 லட்சம் அடிப்படை விலையிலிருந்து 3 கோடிக்கு. 6 மேட்ச் கொடுத்தார்கள், 2 விக்கெட், அனுப்பிவிட்டார்கள். 2018-ல் சன்ரைசர்ஸ் 40 லட்சத்துக்கு எடுத்தது. 2018-ல் எத்தனை மேட்ச்? பூஜ்யம். 2019-ல்? அதுவும் பூஜ்யம்.

இப்போது கணக்குப் போடுங்கள். மேட்ச் எண்ணிக்கைதான் வாய்ப்பு என்றால் 6 மேட்ச் கொடுத்த பஞ்சாப் நல்லவர்கள், பெஞ்சில் உட்கார வைத்த ஹைதராபாத் கெட்டவர்கள். நடந்தது என்ன? ஹைதராபாத்தில் பவுலிங் கோச் முரளிதரன். இரண்டு வருடம் வலையில் யார்க்கர் போட்டுக்கொண்டிருந்தவரைத் தமிழிலேயே பேசிப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் இருந்தார். 2020-ல் களத்தில் இறக்கியதும் 16 மேட்ச், அத்தனையிலும் ஆட வைத்தார்கள். 16 விக்கெட். எலிமினேட்டரில் டிவில்லியர்ஸ் ஸ்டம்பைப் பிடுங்கிய யார்க்கரை யாராவது மறந்திருக்கிறீர்களா? அப்புறம் ஆஸ்திரேலியா. அந்த டி20 அணியில் முதலில் இருந்தது வருண். தோள்பட்டைக் காயத்தால் அவர் விலக, பதிலாகப் போனது நடராஜன். ஒருத்தர் காயம் இன்னொருத்தர் கதவு. அந்த ஒரே டூரில் மூன்று ஃபார்மட்டிலும் அறிமுகம். பிரிஸ்பேன் டெஸ்ட்டில் முதல் இன்னிங்ஸிலேயே 3 விக்கெட்.

அந்த டெஸ்ட்டோடு அவர் டெஸ்ட் கணக்கு நின்றுவிட்டது என்பது வேறு விஷயம். 2025-க்கு டெல்லி அவரை 10.75 கோடி கொடுத்து எடுத்து, சீசன் முழுக்க இரண்டே மேட்சில் சேர்த்ததும் வேறு விஷயம். இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் தனி எபிசோடு ஆகிவிடும்.

நீங்கள் கமென்ட்டில் கேட்கப்போவதை நானே கேட்டுவிடுகிறேன். "ஜெயிச்சவங்க கதையா எடுத்துட்டுப் பேசுறியே?" கேள்வி சரிதான். வருணும் நடராஜனும் பின்னால் சாதித்ததால்தான் அவர்களுக்கு நடந்தது அநியாயமாகத் தெரிகிறது. முருகன் அஸ்வினை எடுத்துக்கொள்ளுங்கள். அவரும் இன்ஜினியரிங் படித்தவர். 2016-ல் 10 லட்சத்திலிருந்து 4.5 கோடிக்கு புனே டீம் வாங்கியது, தோனி கேப்டன். 10 மேட்ச் ஆட வைத்தார்கள். 7 விக்கெட். அதற்கப்புறம் டெல்லி, பெங்களூர், பஞ்சாப், மும்பை என்று டீம் மாறிக்கொண்டே இருந்தார், எங்கேயும் நிலைக்கவில்லை. அவருக்கு நியாயமாகத்தான் கொடுத்தார்கள் என்று நினைக்கிறேன். ரோசனும் மயாமியில் மூன்று மேட்ச் ஆரம்பித்து, அப்புறம் பல டீம்களில் ஒட்டிப் பார்த்தும் எதுவும் நடக்கவில்லை. அவருக்குத் திறமை பற்றவில்லையா, இல்லை முதல் வருடமே உடைத்துவிட்டார்களா? பின்னால் தோற்றுப்போனார் என்பதால் முன்னால் நடந்தது நியாயம் ஆகிவிடுமா? டீம்மேட்டிடம் நான் சொன்ன 13 மேட்ச் பதில் அதனால்தான் தப்பு. எத்தனை மேட்ச் என்று எண்ணினேன். சொதப்பிய பிறகு என்ன செய்தார்கள், அவரிடம் எதற்காகப் பணம் கொடுத்தார்களோ அதைச் செய்ய விட்டார்களா என்று கேட்டிருக்க வேண்டும்.

இப்போது திண்டிவனம்.

2019 மே மாதம். வருண் அந்த ஓவரைப் போட்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை. எனக்குக் கடைசி செமஸ்டர் முடிந்த நேரம். விழுப்புரத்தில் படித்ததால் நான்கு வருடம் திண்டிவனத்திலிருந்து தினமும் ரயில். மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் என்று தூக்கத்திலேயே ஸ்டேஷன் சொல்வேன். கிளாஸில் விழுப்புரம் பையன் ஒருத்தன் இருந்தான். டென்னிஸ் பாலில் மெதுவாக ஒன்று போடுவான், பந்து விழுந்த இடத்தில் அப்படியே நின்று வருகிற மாதிரி இருக்கும். எங்கள் டிபார்ட்மென்ட்டில் யாரும் அவனைத் தூக்கி அடித்து நான் பார்த்ததில்லை.

மயிலம் ரோட்டுப் பக்கம் ஒரு ஊரில் டோர்னமென்ட். 8 ஓவர் மேட்ச். என்ட்ரி பீஸை நான்தான் வசூல் பண்ணினேன், அதனால் நான்தான் கேப்டன். எங்கள் ஏரியா பசங்களிடம் பெருமையாகச் சொல்லி அவனை கெஸ்ட் பிளேயராகக் கூட்டி வந்தேன். 500 ரூபாய், பஸ் காசு தனி. வெளியூர்க்காரனுக்கு 500-ஆ என்று ஆளாளுக்கு முணுமுணுத்தார்கள். காலை ஏழரை மணி மேட்ச்சுக்கு விழுப்புரத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வந்தான்.

காசு கொடுத்துக் கூட்டி வந்திருக்கிறோமே, முதல் ஓவரே அவன்தான் என்று பந்தைக் கொடுத்தேன். புதுப் பந்து, டப்பு டப்பென்று எழும்பியது. அவன் வித்தை எதுவும் எடுபடவில்லை. ஒரு பக்கம் பவுண்டரி சின்னது, அதைத் தாண்டினால் கரும்பு. இரண்டு பந்தைக் கரும்புக்குள் தேடினோம். 23 ரன்.

"யார்ரா இவன், இவனுக்கா ஐநூறு?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். இன்னொருத்தன், "வருண் சக்ரவர்த்திடா" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு அவனுக்கு நான் ஓவர் கொடுக்கவில்லை. கரும்பு ஓரமாக நிற்க வைத்தேன். அவர்கள் 84 அடித்தார்கள், நாங்கள் 71. முதல் ரவுண்டிலேயே வெளியே. பசங்க கேட்பார்களே என்று அவன் கையில் 300 ரூபாய் வைத்தேன். வாங்கிக்கொண்டு, ஒன்றும் பேசாமல், மயிலம் கூட்டு ரோட்டில் பஸ் ஏறிப் போனான்.

அஸ்வின் அன்றைக்கு ஈடனில் திரும்பப் பந்தைக் கொடுத்தாரே, அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும் என்றது இதனால்தான். என் பின்னால் இருந்தது பத்துப் பேர். அவர் பின்னால் இருந்தது ஒரு ஸ்டேடியம்.

இந்த எபிசோடுக்காக ஆறு வருடம் கழித்து அவனுக்கு போன் பண்ணினேன். அவனும் சாப்ட்வேர்தான் இப்போது, விழுப்புரத்திலிருந்தே வொர்க் ஃப்ரம் ஹோம். விஷயத்தைச் சொன்னேன். உனக்கு இன்னொரு ஓவர் கொடுத்திருக்கணும் மச்சி, என் தப்புதான் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"ஓவர் கொடுக்காதது விடு. முதல் ஓவர் வேணாம், பந்து கொஞ்சம் மெத்துனு ஆனதும் நாலாவது ஓவர் குடுன்னு கிரவுண்டுக்கு வர்ற வழியிலயே சொன்னேன். ஞாபகம் இருக்கா?"

இல்லை. சத்தியமாக எனக்கு ஞாபகமே இல்லை.

"நீ அப்போ போன்ல யார்கிட்டயோ டீ சொல்லிட்டு இருந்த" என்றான். அப்புறம் சிரித்துவிட்டு, "அதெல்லாம் போவட்டும். அந்த 200 எப்போ தர்ற?"

போனை வைத்ததும் ஜிபேயில் 200 அனுப்பினேன். பதில் உடனே வந்தது: "வட்டி?"

அடுத்த எபிசோடில் பார்ப்போம் மக்களே.